ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வரும் அந்த வாசனை

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

"டாக்டர், என் சீட்டுக்குப் பின்னாடியே பெரிய பிரிண்டர் வச்சிருக்காங்க. நாள் முழுக்க ஓடுது. ஒரு மாதிரி வாசனை வருது, தொண்டை கரகரன்னு இருக்கு. இதனால கேன்சர் கீன்சர் வருமா?"

ஓபியில் அடிக்கடி வரும் கேள்வி இது. கர்ப்பமாக இருப்பவர்கள் கேட்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்பார்கள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவர்கள் மட்டும் கேட்கவே மாட்டார்கள், நாம்தான் அவர்களைக் கேட்க வேண்டும்.

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. "ஐயையோ, விஷம்" என்று பயமுறுத்துவதும் உண்மை இல்லை. இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நீங்களும் இல்லை. ஆபீஸ் மெஷின்கள் வந்த நாளிலிருந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். சில சமயம் அவர்கள் பயந்தது சரியாக இருந்தது, சில சமயம் தவறாக இருந்தது. சில சமயம் பயந்த விஷயம் தவறு, ஆனால் பக்கத்திலேயே வேறொரு உண்மையான பிரச்சனை இருந்தது. அந்தக் கதைகளைச் சொல்கிறேன்.

முதலில் ஜெராக்ஸுக்கு முந்தைய காலம்.

நம்ம ஊரில் அப்போது சைக்ளோஸ்டைல். ஸ்டென்சில் தாளில் டைப் அடித்து, உருளையில் மாட்டி, எண்ணெய் கலந்த கறுப்பு மையில் சுற்றி எடுப்பார்கள். கையெல்லாம் மை ஆகும், அவ்வளவுதான்.

அமெரிக்கப் பள்ளிகளில் அதிகம் ஓடியது வேறொரு மெஷின். ஸ்பிரிட் டூப்ளிகேட்டர் என்று பெயர். ஊதா நிறத்தில் பிரதி வரும். மாணவர்கள் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவு "நல்ல" வாசனை. அந்த வாசனை எதனுடையது தெரியுமா? மெத்தனால்.

மெத்தனால் என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அதே மெத்தனால். உடம்புக்குள் போனதும் அதை நம் கல்லீரல் ஃபார்மால்டிஹைடாக மாற்றும், பிறகு ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்குகிறது. உயிர் பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போவது இதனால்தான்.

குடித்தால்தானே விஷம் என்று நினைப்போம். ஆவியாக மூச்சில் போனாலும், தோல் வழியாகப் போனாலும் அதே மெத்தனால்தான். அளவுதான் வித்தியாசம்.

1980-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பள்ளி மாவட்டத்திலிருந்து அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷுக்குப் புகார் போனது. டூப்ளிகேட்டர் ஓட்டிய ஆசிரியர் உதவியாளர்களுக்குத் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வரும் உணர்வு, பார்வை மங்கல். வந்து அளந்தார்கள். மெத்தனாலுக்கு நியாஷ் பரிந்துரைத்த குறுகிய நேர உச்ச வரம்பு, பத்து லட்சம் பங்கு காற்றில் 800 பங்கு. அங்கே எடுத்த அளவுகளில் பெரும்பாலானவை அதைத் தாண்டின. உச்சம் 3,000-க்கும் மேல்.

காரணம் மெஷின் மட்டும் இல்லை. அது வைக்கப்பட்ட இடம். சின்ன அறை, காற்றோட்டம் கிடையாது, ஒரே ஆள் மணிக்கணக்கில் நின்று ஓட்டுகிறார். மெஷினைச் சுற்றி அடைப்பு வைத்து, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபேன் போட்டதும் அளவு வெகுவாக இறங்கியது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி திரும்பத் திரும்ப வரும்.

இப்போது நம்ம ஹீரோ செஸ்டர் கார்ல்சன்.

நியூயார்க்கில் ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். கடும் வறுமையில் வளர்ந்தவர். அப்பாவுக்குக் காசநோயும் முதுகெலும்பு மூட்டுவாதமும். அம்மா காசநோயில் இறந்தபோது இவருக்கு 17 வயது. காப்புரிமை ஆவணங்களுக்குப் பிரதி எப்போதும் போதாது. கையால் எழுதிப் பிரதி எடுக்க வேண்டும். அப்பாவுக்கு வந்த மூட்டுவாதம் இவருக்கும் எட்டிப் பார்த்தது. எழுத எழுத வலி. ஒரு ஆபீஸ் ஊழியரின் உடல் வலியும் ஜெராக்ஸ் பிறக்க ஒரு காரணம் என்பது ஒரு மருத்துவனாக எனக்குப் பிடித்த தகவல்.

வீட்டுச் சமையலறையில் ஆராய்ச்சி. கந்தகத்தை அடுப்பில் உருக்குவார். ஒருமுறை கந்தகம் தீப்பிடித்து அந்தக் கட்டடம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். பிறகு ஆஸ்டோரியா என்ற பகுதியில் சின்னதாக ஒரு இடம் பிடித்து, ஓட்டோ கோர்னெய் என்ற உதவியாளரோடு முயன்றார். 1938 அக்டோபர் 22. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றம் செய்தார்கள். எழுதிய கண்ணாடித் துண்டை மேலே வைத்து விளக்கு வெளிச்சம் காட்டினார்கள். லைக்கோபோடியம் என்ற மெல்லிய பொடியைத் தூவி ஊதினார்கள். எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பொடி ஒட்டி நின்றது. மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். "10-22-38 ஆஸ்டோரியா". உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதி.

இதை 20-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன என்பது தனிக் கதை. அதை விடுவோம்.

இன்றைக்கும் உங்கள் ஆபீஸ் லேசர் பிரிண்டர் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. உருளைக்கு மின்னேற்றம், வெளிச்சத்தால் உருவம், அதில் ஒட்டும் பொடி, கடைசியில் சூடு. கைக்குட்டைக்குப் பதில் அதிக மின்னழுத்தம் உள்ள ஒரு மெல்லிய கம்பி வந்தது. கொரோனா கம்பி என்று பெயர். (வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிரீடம் என்ற பொருள்தான் இரண்டுக்கும்.) பொடிக்குப் பதில் டோனர். ஒட்ட வைக்க 150, 200 டிகிரி சூட்டில் ஒரு உருளை.

வரலாற்றில் வந்த புகார்கள் பெரும்பாலும் இந்த மூன்று இடத்திலிருந்துதான் வந்தன. கம்பி, பொடி, சூடு.

முதலில் மாட்டியது சூடு.

1959-இல் ஹாலாய்டு ஜெராக்ஸ் கம்பெனி 914 என்ற மாடலைக் கொண்டு வந்தது. 9-க்கு 14 அங்குலத் தாள் வரை எடுக்கும், அதனால் அந்தப் பெயர். எடை கிட்டத்தட்ட 294 கிலோ. நிமிஷத்துக்கு 7 பிரதி. கதவு வழியாகக் கொண்டுபோவதே பெரும்பாடு. ஆனால் சாதாரணத் தாளில், ஒரு பட்டனை அழுத்தினால் பிரதி. ஆபீஸ் உலகமே தலைகீழானது.

அதில் தாள் மாட்டிக்கொண்டால் சூட்டில் பற்றிக்கொள்ளும். அதற்காக மெஷினோடு ஒரு சின்னத் தீயணைப்புக் கருவியையும் கொடுத்தார்கள். அதற்கு வைத்த பெயரைக் கேளுங்க: "கருகல் நீக்கி". தீயணைப்பான் என்று எழுதினால் வாங்குபவர் பயந்துவிடுவார் இல்லையா! தன் ஆபீஸில் இருந்த மெஷின் 4 மாதத்தில் 3 முறை தீப்பிடித்தது என்று நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் சொன்னார்.

தீ கண்ணுக்குத் தெரியும். எனவே அது சீக்கிரம் சரிசெய்யப்பட்டது. கம்பியின் பிரச்சனை கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும்.

அந்த வாசனைக்கு இப்போது வருவோம். மின்னல் அடித்த பிறகு காற்றில் ஒரு கூர்மையான வாசனை வருமே, அதேதான். ஓசோன். கொரோனா கம்பியைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் மின்சாரத்தால் உடைந்து மூன்று அணு கொண்ட ஓசோனாக மாறுகிறது. இந்த வாயுவைக் கண்டுபிடித்த ஷோன்பைன், "வாசனை வீசுவது" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரையே வைத்தார்.

"ஓசோன் நல்லதுதானே சார், பூமியைக் காப்பாத்துதே?" என்று ஒருவர் கேட்டார். மேலே இருக்கும் வரை நல்லது. மூச்சுக்குழாயில் நல்லதல்ல. தொண்டை எரிச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம் உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அதைத் தூண்டிவிடும். அமெரிக்காவில் வேலையிடத்துக்கான 8 மணி நேர வரம்பு, ஒரு கோடி பங்கு காற்றில் 1 பங்கு. அதாவது 0.1 பிபிஎம்.

நம் மூக்கு அந்த வரம்புக்குக் கீழேயே ஓசோனைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே வாசனை வந்தாலே ஆபத்து என்று அர்த்தமில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். காலையில் ஆபீஸுக்குள் நுழையும்போது வந்த வாசனை பதினோரு மணிக்குத் தெரியவில்லை என்றால், ஓசோன் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

நல்ல செய்தி, ஓசோன் நெடுநேரம் நிற்காது. சுவர், துணி, தாள் எதைத் தொட்டாலும் வினைபுரிந்து நிமிஷங்களில் பாதியாகும். அதனால்தான் தூரம் இவ்வளவு முக்கியம். மெஷினுக்கு முதுகை ஒட்டி உட்கார்ந்திருப்பவரும் பத்தடி தள்ளி இருப்பவரும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. பழைய காப்பியர்களில் ஓசோனை உடைக்க கரி ஃபில்டர் வைத்தார்கள். அதைக் காலாகாலத்தில் மாற்றினால்தான் பயன். 1990-களில் கம்பிக்குப் பதில் ரப்பர் உருளை வந்தது. அதில் ஓசோன் மிக மிகக் குறைவு. இன்றைய சின்ன லேசர் பிரிண்டர்களில் பெரும்பாலும் இந்த உருளைதான்.

அடுத்தது பொடி. இது எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம்.

1970-களில் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு எளிய பரிசோதனையைப் பிரபலமாக்கினார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத சால்மோனெல்லா பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் ஏறக்குறைய இல்லாத தட்டில் போடுவார்கள். அது வளர முடியாது. கூடவே நாம் சந்தேகப்படும் ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். அந்த ரசாயனம் மரபணுவில் மாற்றம் உண்டாக்கினால், சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டிடின் தயாரிக்கும் திறனைத் திரும்பப் பெற்று வளரும். தட்டில் புள்ளிகளை எண்ணினால் போதும். எலிக்குப் பல வருஷம் ஊட்டிப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு நாளில் முதல் தடயம் கிடைக்கும்.

இது கையில் கிடைத்ததும் ஆய்வகங்கள் கண்ணில் பட்டதையெல்லாம் சோதித்தன. ஸ்வீடனில் ஒரு குழு ஜெராக்ஸ் பிரதிகளைச் சோதித்தது. தாளிலிருந்து பிரித்தெடுத்த சாறு பாக்டீரியாவில் மரபணு மாற்றத்தை உண்டாக்கியது! இன்னொரு குழு அமெரிக்காவில் டோனரையும் அதிலுள்ள கார்பன் கறுப்பையும் தோண்டித் துருவிக் குற்றவாளியைப் பிடித்தது. நைட்ரோபைரீன். டீசல் புகையிலும் இருக்கும் பொருள். இரண்டு ஆய்வுகளும் 1980-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தன.

இரண்டாவது ஆய்வை எழுதியவர்களில் ஜெராக்ஸ் கம்பெனியின் விஞ்ஞானியும் ஒருவர். புகையிலைக் கம்பெனிகளின் வரலாறு படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். இங்கே மறைக்கவில்லை. கார்பன் கறுப்பு தயாரிக்கும் முறையை மாற்றினார்கள், நைட்ரோபைரீன் வெகுவாகக் குறைந்தது. மனிதர்கள் நோயாளி ஆகும்வரை காத்திருக்காமல், பாக்டீரியா காட்டிய எச்சரிக்கையிலேயே ஒரு பொருள் திருத்தப்பட்டது. மருத்துவ வரலாற்றில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை.

அப்போ டோனர் இப்போ பாதுகாப்பா? டோனர் என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பொடி. நிறத்துக்குக் கார்பன் கறுப்போ இரும்பு ஆக்சைடோ சேர்ப்பார்கள். கார்பன் கறுப்பை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில் வைத்திருக்கிறது. "ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கலாம்" என்ற பிரிவு. எலிகளின் நுரையீரலில் சான்று உண்டு, மனிதர்களில் போதிய சான்று இல்லை என்று பொருள். டோனரில் அது பிளாஸ்டிக்குள் பொதிந்து கிடக்கிறது. பிரிண்ட் எடுத்த தாளைத் தொடுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் கார்ட்ரிட்ஜ் ரீஃபில் செய்பவர் தினமும் அந்தப் பொடி மேகத்துக்குள்தான் மூச்சு விடுகிறார். வாயால் ஊதிச் சுத்தம் செய்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என் பதில் வேறு.

இப்போது கொஞ்சம் மெஷின் மாற்றுவோம். கம்ப்யூட்டர் திரை.

1970-களின் கடைசியில் ஆபீஸ்களுக்குள் திரைகள் நுழைந்தன. பழைய டிவி மாதிரி கண்ணாடிக் குழாய் கொண்டவை. 1979, 80 வாக்கில் கனடாவின் 'டொரண்டோ ஸ்டார்' நாளிதழில் வரி விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த 7 கர்ப்பிணிகளில் 4 பேருக்குப் பிறவிக் குறைபாட்டோடு குழந்தை பிறந்தது. அனைவரும் திரை முன் வேலை பார்த்தவர்கள்.

நினைத்துப் பாருங்கள். நீங்கள் அந்த எட்டாவது பெண்ணாக இருந்தால்?

கதிர்வீச்சு அளந்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. பயம் அடங்கவில்லை. வேறு ஊர்களிலும் "எங்கள் ஆபீஸில் இத்தனை கருச்சிதைவு" என்று செய்திகள் வந்தன. இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களிலேயே ஆறு, ஏழில் ஒன்று தானாகக் கலைந்துபோகும். அது எந்த நாட்டிலும், எந்த வேலையிலும் நடப்பது. உலகம் முழுக்கப் பல லட்சம் ஆபீஸ்கள் இருக்கும்போது, ஏதோ சிலவற்றில் இந்தத் துயரம் தற்செயலாகவே கொத்தாக விழும். அந்தக் கொத்து செய்தியாகும். மற்றவை ஆகாது.

ஆனால் "தற்செயல்" என்று வாயால் சொன்னால் அந்தப் பெண் ஏற்பாரா? ஏற்கக் கூடாது. நிரூபிக்க வேண்டும்.

1988-இல் கலிஃபோர்னியாவில் 1,583 கர்ப்பிணிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் திரை முன் இருந்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பத்திரிகைகள் அலறின. உள்ளே போய்ப் படித்தால் ஒரு முக்கியமான விஷயம். இந்த அதிகரிப்பு குமாஸ்தா வேலை பார்த்த பெண்களிடம்தான் தெரிந்தது. அதே திரையைப் பயன்படுத்திய மேனேஜர்கள், அதிகாரிகளிடம் தெரியவில்லை. கதிருக்குப் பதவி தெரியுமா என்ன?

அப்படியென்றால் திரையா, அல்லது எழுந்து போகவும் அனுமதி கேட்க வேண்டிய அந்த வேலையா? இதைப் பிரிக்க ஒரு அழகான வழியை நியாஷ் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் தென்கிழக்கில் 8 மாநிலங்களில் தொலைபேசி ஆபரேட்டர்கள். ஒரு பிரிவு எண் விசாரணைப் பணி, திரை முன்னால். இன்னொரு பிரிவு பொது ஆபரேட்டர்கள். ஏறக்குறைய அதே வேலை, அதே அவசரம், அதே மேற்பார்வை. ஆனால் இவர்களின் மெஷினில் அந்தக் கண்ணாடிக் குழாய்த் திரை கிடையாது. சின்ன விளக்கு எழுத்துகள்தான். மாறியது திரை ஒன்றுதான்.

730 பெண்கள், 882 கர்ப்பங்கள். முடிவு 1991-இல் 'நியூ இங்கிலாந்து மெடிக்கல் ஜர்னலில்' வந்தது. திரை முன் இருந்தவர்களில் கருச்சிதைவு 14.8 சதவீதம். திரை இல்லாதவர்களில் 15.9 சதவீதம். திரை குற்றவாளி அல்ல.

கர்ப்பிணிகள் என்னிடம் கம்ப்யூட்டர் பற்றிக் கேட்கும்போது நான் தைரியமாகப் பதில் சொல்வது இந்த எண்களை வைத்துத்தான். இன்றைய தட்டைத் திரைகளில் அந்தக் குழாயே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்கள் போட்ட சத்தம் வீண்போனதா என்றால், அதுவும் இல்லை. கதிரைத் தேடிப் போன இடத்தில் கழுத்து வலி, மணிக்கட்டு வலி, கண் உளைச்சல் எல்லாம் குவியலாகக் கிடந்தன. ஆஸ்திரேலியாவில் 1980-களில் கைவலிப் புகார்கள் வெள்ளமாக வந்தன. சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் 1990-இல் திரை முன் வேலை செய்பவர்களுக்கு நல்ல நாற்காலி, இடைவேளை எல்லாம் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டது. 1992-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் நாற்காலியை ஏற்றி இறக்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் அந்தக் காலத்துத் தட்டச்சுப் பெண்களின் கூக்குரலுக்கும் பங்கு உண்டு.

சரி, பிரிண்டருக்குத் திரும்புவோம்.

914 ஒரு தனி மூலையில் இருந்தது. 294 கிலோவை மேசையில் வைக்க முடியாதே. 1984-இல் எச்பி லேசர்ஜெட் வந்ததும் கதை மாறியது. அதே தத்துவம், இப்போது மேசைமேல். மூக்குக்கும் மெஷினுக்கும் இருந்த தூரம் அறையிலிருந்து கை நீளத்துக்குக் குறைந்தது. இது பற்றி ஏறக்குறைய இருபது வருஷம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லிடியா மொராவ்ஸ்கா என்ற இயற்பியலாளர். ஒரு ஆறு மாடி அலுவலகத்தில் காற்றோட்டம் பற்றி ஆராயும்போது, உள்ளே மிக நுண்ணிய துகள்கள் எதிர்பாராத அளவில் இருந்ததைக் கவனித்தார்கள். வேலை நேரத்தில், மற்ற நேரத்தைவிட 5 மடங்கு. தேடிப் போனால் பிரிண்டர்கள். 62 பிரிண்டர்களைச் சோதித்ததில் 37 எதையும் வெளியிடவில்லை. 17 மட்டும் அதிகமாகக் கக்கின. 2007-இல் இது வந்ததும் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

இந்தப் பெயரை வேறெங்கோ கேட்ட ஞாபகம் வருகிறதா? 2020 ஜூலையில், கோவிட் காற்று வழியாகப் பரவுகிறது என்று 239 விஞ்ஞானிகள் குரல் கொடுத்தார்களே, அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் இவர்தான்.

எல்லோரும் அது டோனர் பொடி என்றே நினைத்தார்கள். 2009-இல் அதே குழு அடுத்த கட்டத்தைச் சொன்னது: பெரும்பாலும் டோனர் இல்லை. சூடான உருளையில் தாளும் டோனரும் படும்போது சில ரசாயனங்கள் ஆவியாகி, வெளியே வந்ததும் குளிர்ந்து மிகச் சிறிய துளிகளாக உறைகின்றன. தோசைக்கல்லில் எண்ணெய் புகைவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். வீட்டில் தாளிக்கும்போதும் ஊதுபத்தி ஏற்றும்போதும் இதுபோன்ற நுண்துகள்கள் எக்கச்சக்கமாக வரும்.

2013 முதல் ஜெர்மனியின் 'ப்ளூ ஏஞ்சல்' சுற்றுச்சூழல் முத்திரை வேண்டுமென்றால், 10 நிமிஷ பிரிண்டிங்கில் 35,000 கோடி துகள்களுக்கு மேல் வரக் கூடாது என்று விதி வந்தது. எண் பயங்கரமாக இருக்கும். எடை பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். நுண்துகளில் எடையைப் பார்ப்பதா, எண்ணிக்கையைப் பார்ப்பதா என்பதே தனி விவாதம்.

உடம்புக்கு என்ன ஆகிறது? முனிச்சில் தன்னார்வலர்களை அறைக்குள் வைத்து, அதிகம் கக்கும் பிரிண்டர்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். பெரிய பாதிப்பு எதுவும் தென்படவில்லை. இது ஆபீஸில் அவ்வப்போது பிரிண்ட் எடுப்பவருக்கு ஆறுதலான செய்தி.

ஆனால் பிரிண்டருக்கு நடுவிலேயே வாழ்பவர்?

அமெரிக்காவில் 9 ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஒரு காப்பி கடையில் 6 மணி நேரம் உட்கார வைத்தார்கள். மூக்கின் உட்புறத்தில் அழற்சிக்கான அடையாளங்கள் கூடியிருந்தன. கோயம்புத்தூரில் ஜெராக்ஸ் மெஷின் இயக்குபவர்களின் ரத்த அணுக்களைச் சோதித்ததில் டிஎன்ஏ சிதைவு மற்றவர்களைவிட அதிகம். 2013-இல் வந்த இன்னொரு இந்திய ஆய்வில் ஜெராக்ஸ் கடைகளின் காற்றில் தூசு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. ஓசோன் வரம்புக்குள்தான் இருந்தது. ஊழியர்கள் மூக்கடைப்பு, இருமல், சளி என்று சொன்னார்கள். நுரையீரல் ஊதும் சோதனை சாதாரணமாகவே வந்தது. ரத்தத்தில் அழற்சி அடையாளங்கள் மட்டும் உயர்ந்திருந்தன.

இதைப் பார்த்து "கேன்சர் வரும்" என்று எழுதினால் அது பொய். இந்த அடையாளங்கள் நோய் அல்ல. ஆனால் கல்லூரி வாசலில் பத்துக்குப் பத்து கடை, மூன்று பெரிய மெஷின், தேர்வுக்கு முந்தின நாள் காலை எட்டு மணி முதல் இரவு வரை இடைவிடாமல் ஓட்டம், பின்புறம் ஜன்னலே கிடையாது, அதற்கு நடுவில் ஒரு பெண் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார் என்றால், அவரிடம் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல எனக்கு நா எழாது. 1980-இல் அந்தப் பள்ளி உதவியாளர் நின்ற அதே மாதிரி அறைதான் இதுவும்.

இப்போது உங்கள் சீட்டுக்கு வருவோம்.

தினமும் சில பத்துத் தாள் அடிக்கும் சின்ன பிரிண்டர் என்றால் நிம்மதியாக இருங்கள். கர்ப்பிணிகளும்தான். நாள் முழுக்க ஓடும் பெரிய மெஷின் என்றால் அதைப் பாதை ஓரத்துக்கோ தனி அறைக்கோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால், அதன் காற்று வெளியேறும் பக்கம் உங்கள் முகத்தைப் பார்க்காதபடி திருப்பச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வேலை.

"எங்க ஆபீஸ் ஃபுல் ஏசி டாக்டர்" என்பார்கள். நம்ம ஊர் ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் அதே காற்றைக் குளிரவைத்துத் திரும்பக் கொடுக்கிறது, துகளோடு சேர்த்து. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் செய்யும் வேலையை மூன்று ஸ்பிளிட் ஏசி செய்யாது.

வாசனை போக எலுமிச்சை மணமுள்ள ரூம் ஃப்ரெஷ்னர் அடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அதிலுள்ள லிமோனீன் ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் புதிதாக நுண்துகளும் உருவாகும்.

வார நாட்களில் மட்டும் இருமல், ஞாயிறு வந்தால் சரியாகிறது என்றால் அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். "இருமல்" என்று மட்டும் சொன்னால் சிரப் கிடைக்கும். ஆஸ்துமாவா, எங்கிருந்து தூண்டல் என்று தேட அந்த ஞாயிற்றுக்கிழமைத் தகவல்தான் உதவும்.

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள்: மெஷினுக்குப் பின்னால் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன், கழிவு டோனர் டப்பா நிறையும் முன் மாற்றுதல், ஓசோன் ஃபில்டர் இருக்கும் மாடல் என்றால் சர்வீஸ் ஆளிடம் அதைக் கேட்டு வாங்குதல். டோனர் சிந்தினால் ஊதாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வீட்டு வேக்குவம் கிளீனர் போடாதீர்கள், அது பின்பக்கமாக அறை முழுக்கத் திரும்பப் பரப்பிவிடும். ஈரத்துணியில் துடைத்து எடுங்கள். கையில் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், சூட்டில் இளகி ஒட்டுவதற்கென்றே செய்த பொடி அது.